நடையைப் பார்த்தவள்

வாயே திறக்கக் கூடாது, கேட்ட கேள்விக்கு மட்டும் ஆமாங்க, இல்லீங்க என்று சொன்னால் போதும், தானாக ஒரு வார்த்தை நீட்டக் கூடாது என்று அரசு வக்கீல் பானு மேடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போன பிறகுதான் வசந்தாமணிக்கு வாயெல்லாம் பேச்சாக ஊறிக்கொண்டு வந்தது. கோர்ட்டு வராண்டாவில் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் கிட்டுசாமி தூக்குப்போசியைத் திறந்து, தக்காளிச் சாப்பாட்டை மூடியில் போட்டு, அவள் மடியில் வைத்தார். "தின்னு புள்ள, கூண்டுல ஏறி நின்னு மயக்கம் போட்டறாத" என்றார். ஒரு வாய் எடுத்தாள், திரும்ப மூடியிலேயே போட்டாள். காலையில் பார்த்தது சோற்றுக்குக் குறுக்கே நின்றது. காலையில் கோர்ட்டுக்குள் எல்லாரும் எழுந்து நின்றபோது இவளும் எழுந்து நின்றாள். மேடைக்குப் பின்னால் கதவு திறந்து கறுப்பாக ஒரு உருவம் வந்தது. இவள் நின்றதோ கடைசி வரிசை, அங்கிருந்து மேடை இவள் கண்ணுக்கு வெறும் கறுப்பும் வெளுப்பும்தான். ஆனாலும் வலது கையை வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஊன்றாமல் எம்பி எம்பி அந்த உருவம் நாற்காலிக்கு வந்த விதத்திலேயே ஆளைத் தெரிந்துபோயிற்று. பரஞ்சோதி வக்கீல். அப்புறம் அந்த மூக்கடைத்த குரலும் கேட்டது, தீர்ந்தது சந்தேகம். இதே கேசில் முதன்முதலாக அரசு வக்கீலாக இருந்து, அம்மா உங்க பொண்ணு எனக்கும் பொண்ணு மாதிரி என்று சொன்ன பரஞ்சோதி. அந்த வேலை போனதும் எதிர்த்தரப்பு வக்கீலின் ஆபீசிலேயே போய் உட்கார்ந்துகொண்ட பரஞ்சோதி. இன்றைக்கு ஜட்ஜ். போன மாசம்தான் இந்தக் கோர்ட்டுக்கு மாற்றலாகி வந்தாராம். இவள் ஓடிப்போய் பானு மேடத்திடம் சொன்னால், அந்தப் பெண் கேசுக் கட்டுகளை அடுக்கிக்கொண்டே, "தெரியும்மா" என்கிறாள். தெரியுமாமே! தெரிந்தவர்களுக்கெல்லாம் சோறு இறங்குகிறது.

தூரத்தில் இருப்பது வசந்தாமணிக்குத் தெரியாது. இது இன்று நேற்று வந்ததில்லை, வயசுக்கு வந்த காலத்திலிருந்தே அப்படித்தான். கிட்டத்தில் வைத்தால் ஊசி முனையில் தூசியைச் சொல்லுவாள். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் அவள் கைக்குத் தப்பின ஓட்டை கிடையாது, தையல் விட்டது கிடையாது. ஆனால் பத்தடிக்கு அப்பால் உலகம் மசங்கல். கண்ணாடி போட்டால் என்னவாம் என்று கேட்கலாம். கேட்பவர்கள் செக்கிங் மேசையில் நின்றதில்லை. கண்ணாடியோடு ஒருத்தி வந்தால் சூப்பர்வைசர் மறுநாளே பிசிறு வெட்டுகிற பக்கம் தள்ளிவிடுவான். ஏத்துமதிச் சரக்கு, கண்ணு போனவளையா நிறுத்துவாங்க என்பான். சம்பளமும் குறையும், மானமும் போகும். அதனால் அந்த மேசையில் நிற்கிற பொம்பளைகள் ஒருத்தியும் கண் டாக்டர் வாசலை மிதித்ததில்லை. பஸ் வந்தால் போர்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, "கண்ணு, இது எங்க போறது?" என்று பக்கத்தில் நிற்கிற பிள்ளையைக் கேட்பது. எதிரே சிரித்தது யாரென்று தெரியாவிட்டாலும் சிரித்து வைப்பது. கட்டின புருஷனிடம்கூடச் சொல்லவில்லை, அவருக்கு ஓட்டை வாய், டீக்கடையில் போய்ச் சொல்லிவிடுவார், டீக்கடையிலிருந்து கம்பெனி எவ்வளவு தூரம். அப்படியிருந்தும் ஆளைத் தெரிந்துகொள்வதில் வசந்தாமணி தவறினதில்லை. நடையை வைத்துச் சொல்லிவிடுவாள். முகம் ஆளுக்குத் தக்கபடி மாறும், முதலாளி முன்னால் ஒரு முகம், வேலைக்காரி முன்னால் ஒரு முகம். நடையை யாரும் மாற்றிப் போட்டுக்கொண்டு வருவதில்லை. படியில் யார் ஏறுகிறார்கள், வாசலில் யார் நிழலாடுகிறார்கள், எல்லாம் நடைதான். என்ற மக தாரணி நடையும் அப்படித்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு தோளில் பையைத் தொங்கப் போட்டு, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வருவாள். ரெண்டு தோள்லயும் போடு அம்மிணி, முதுகு கோணிக்கும் என்றால் கேட்கவே மாட்டாள். காலேஜ் போன பிறகும் அதே நடை.

கடைசி நாள் பொழுதோடவும் அதே நடையில்தான் வந்தாள். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் இறங்கினாள், இந்தப் பக்கம் வசந்தாமணி கம்பெனி விட்டு வந்து நின்றுகொண்டிருந்தாள். சாயங்காலம் கறுத்துக்கொண்டு வருகிற நேரம், தெரு விளக்கு ஒன்று எரிகிறது, ஒன்று எரியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்த மஞ்சள் சுடிதார் ரோட்டில் இறங்குகிறது. நில்லு கண்ணு, வண்டி வருது என்று சொன்னாளா, சொல்ல நினைத்தாளா? இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறாள், எந்த ராத்திரியும் சரியாகச் சொன்ன மாதிரி இல்லை. சத்தம் கேட்டது. மஞ்சள் இல்லாமல் போயிற்று. வண்டி கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது, வலது பக்கத்துக் கதவு திறந்து ஒரு ஆள் இறங்கினான். இறங்கினவன் பின்னால் வரவில்லை. முன்னால் போனான், வண்டிக்கு எங்கே அடிபட்டிருக்கிறது என்று குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான், பேண்ட்டை இடுப்பில் பிடித்து ஒரு தூக்குத் தூக்கினான், இடது தோள் மேலே ஏறி இறங்க ரெண்டு எட்டு வைத்தான், ஏறிப் போய்விட்டான். நெட்டையான ஆள். அந்தத் தோளையும் அந்தத் தூக்கலையும் தினமும் பார்த்தவள் வசந்தாமணி. செக்கிங் மேசைகளுக்கு நடுவில் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் அந்த நடை போய் வரும், பெண்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்வார்கள். சின்ன முதலாளி. கம்பெனி முதலாளியின் ஒரே மகன். அன்றைக்கு ராத்திரியே ஸ்டேசனில் போய், நான்தானுங்க ஓட்டினேன் என்று நின்றவனோ மாரப்பன், முதலாளி வீட்டு டிரைவர். கட்டையான மனுசன், தொப்பை வேறு. அவன் அந்த நடை நடப்பதென்றால் இன்னொரு தரம் பிறந்துதான் வர வேண்டும்.

போலீசில் சின்ன முதலாளி என்று மட்டும் சொன்னாள், நடையை வைத்துத் தெரிந்துகொண்டதை ஒருத்தரிடம்தான் சொன்னாள். ஒரே ஒருத்தரிடம். சின்ன முதலாளி குடித்திருந்தது உறுதி என்று போலீசில் ஒரு நல்ல மனுசன் எழுதி வைத்துவிட்டுப் போனதால் இது வெறும் ஆக்சிடென்ட் கேசாகாமல் பெரிய கேசாகிவிட்டது, ஓட்டினது யார் என்பதைப் பார்த்த சாட்சி இவள் மட்டும்தான். அதனால் பரஞ்சோதி இவர்களைத் தன் ஆபீசுக்கு வரச் சொன்னார். கிட்டுசாமியை டீ வாங்கி வரும்படி அனுப்பினார். இன்றைக்கு நினைத்தால் அந்த டீயில்தான் எல்லாம் இருந்தது. அவர் போனதும் பரஞ்சோதி சும்மா கேட்கிற மாதிரி, அந்தச் சுவத்துக் காலண்டர்ல இன்னைக்குத் தேதிக்குக் கீழ என்னம்மா போட்டிருக்கு என்று கேட்டார். இவள் சுவரைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் அழுதாள். சாமி கிட்டச் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், கண்ணையும் சொன்னாள், சூப்பர்வைசரையும் சொன்னாள், நடையையும் சொன்னாள். பரஞ்சோதி திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நடையைப் பார்த்தேன்னு சொன்னா கோர்ட்டுல சிரிப்பாங்கம்மா. முகத்தைப் பார்த்தேன்னு சொல்லுங்க. தெரு விளக்கு வெளிச்சத்துல முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான். பார்த்தது அவனைத்தானே? அப்புறம் என்ன? கண்ணு விசயம் உங்களுக்கும் எனக்கும் மட்டும் இருக்கட்டும்" என்றார். பார்த்தது அவனைத்தான். அப்புறம் என்ன என்று இவளுக்கும் தோன்றிற்று. நடை போனால் போகட்டும், முகம் என்று வைத்துக்கொள்ளலாம், ஆள் மாறவில்லையே. டீ வந்தது. மூணு பேரும் குடித்தார்கள், அவர் தாரணி என்ன படித்தாள் என்று கேட்டார், நன்றாகப் படிப்பாளா என்று கேட்டார். மனுசனென்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று கிட்டுசாமி பஸ்ஸில் வரும்போது சொன்னார்.

கூண்டில் ஏறி முகத்தைப் பார்த்தேன் என்று சொன்னாள். கடவுள் அறியச் சொல்வதெல்லாம் உண்மை என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னாள். அன்றைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்யவில்லை, பிறகு செய்துகொள்கிறோம் என்று வாய்தா வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பிறகு வரவே இல்லை. வாய்தா, வாய்தா, ஜட்ஜ் லீவு, வக்கீலுக்குக் காய்ச்சல், கட்டு வரவில்லை. இவள் அந்தக் கம்பெனியை விட்டு வேறு கம்பெனிக்குப் போய், அங்கேயும் கண்ணை மறைத்து, அங்கேயும் செக்கிங்கில் நின்று, தலைமயிர் வெளுத்தது. ஆனால் கிட்டுசாமி அந்த ஒற்றைச் சொல்லில்தான் உயிரைக் கட்டி வைத்திருந்தார். என்ற பொண்டாட்டி பார்த்திருக்கறா, முகத்துக்கு நேரா பார்த்திருக்கறா, கூண்டுல ஏறி முதலாளி மகன்னு பார்க்காம சொன்னா என்று டீக்கடையில் சொல்லுவார். விசேஷ வீட்டில் சொல்லுவார். குடிக்காத மனுசன், குடிகாரன் சொல்கிற மாதிரி சொன்னதையே சொல்லுவார். இவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். இந்த மனுசனிடம் முகத்தை நான் பார்க்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? ஆட்சி மாறிற்று. ஆட்சி மாறினால் அரசு வக்கீலும் மாறுவது வழக்கம்தானாம், சாமான் செட்டோடு பரஞ்சோதி வெளியே வந்தார். வெளியே வந்தவர் தொழில் பார்க்க வேண்டாமா, பார்க்கட்டும், ஊரில் எத்தனையோ வக்கீல் ஆபீஸ் இருந்தது. போய்ச் சேர்ந்தது சின்ன முதலாளிக்கு ஆஜராகிற பெரிய வக்கீலின் ஆபீசில். இந்தக் கேசில் என் பேரு இல்லை, நான் தலையிட மாட்டேன் என்றாராம். தலை எதற்கு, வாய் போதாதா. அவர் அங்கே போய்ச் சேர்ந்த மழைக்காலம் முடிவதற்குள் எதிர்த்தரப்பிலிருந்து ஒரு மனு வந்தது, சாட்சிக்குத் தூரப்பார்வை கிடையாது, மறுபடியும் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும் என்று. அப்போதிருந்த அரசு வக்கீல் அதை வாசித்துக் காட்டிவிட்டு, என்னம்மா அபாண்டமா எழுதியிருக்கான் என்று சிரித்தார். கிட்டுசாமியும் சிரித்தார். வசந்தாமணி மட்டும் இது யார் வாயிலிருந்து போயிருக்கும் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் சீட்டு இல்லை, கம்பெனியில் பதிவு இல்லை, புருஷனுக்குத் தெரியாது, பெற்ற மகளுக்குத் தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு காதுக்கு.

அப்புறம் உள்ளூரில் எங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று சின்ன முதலாளி தரப்பிலேயே மனுப் போட்டு, யாருக்கு யாரிடமிருந்து பாதுகாப்போ, கேசைப் பக்கத்து ஜில்லாவுக்கு மாற்றிக்கொண்டார்கள். பரஞ்சோதி பரீட்சை எழுதி ஜட்ஜாகி எங்கெங்கோ சுற்றி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். சொந்த ஜில்லாவில் போட மாட்டார்களாம், அது சட்டமாம். பக்கத்து ஜில்லாவில் போடலாமாம். வசந்தாமணி சோற்றை மூடியோடு கீழே வைத்தாள். காக்காய் ஒன்று தத்தித் தத்திக் கிட்டே வந்தது. இப்போது என்ன செய்வது என்று மனசு செக்குமாடாகச் சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து நின்றது. முகத்தைப் பார்த்தேன் என்று மறுபடியும் சொன்னால், சொல்லிக்கொடுத்தவரே மேலே உட்கார்ந்து கேட்கிறார், பொய்யென்று அவருக்குத் தெரியும். பொய்ச்சாட்சி என்று உள்ளே தூக்கிப் போட்டால்? போட்டால் போகட்டும், ஆனால் கேசும் அதோடு போய்விடும், தாரணியை ரோட்டில் போட்டவன் வீட்டுக்குப் போய்விடுவான். முகத்தைப் பார்க்கவில்லை என்று நிசத்தைச் சொன்னால் கேசு அப்போதே போயிற்று, கிட்டுசாமியும் போனார். வாயே திறக்காமல் நின்றால்? நின்றால் கண் தெரியாதவள் என்று அவர்களே எழுதிக்கொள்வார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஒரு ஆள் நிற்கிறார், அப்போது பக்கத்தில் நாற்காலி போட்டு, இப்போது உயரத்தில் நாற்காலி போட்டு. விலாங்கு பாம்புக்குத் தலையைக் காட்டும், மீனுக்கு வாலைக் காட்டும் என்பார்கள், அது ஏதோ பிழைப்புக்குச் செய்கிற வேலை. இவர் தலையையும் காட்டி வாலையும் காட்டிவிட்டு, இப்போது குளத்துக்கே நாட்டாமையாக வந்திருக்கிறார்.

காலையில் பானு மேடத்திடம் கேட்டாள், இவர் வேண்டாமுங்க, வேற ஜட்ஜய்யா முன்னால விசாரிக்கச் சொல்லுங்க என்று. பானு மேடம் நல்ல பெண், சின்ன வயசு, பொய் பேசத் தெரியாத முகம். "சொல்லலாம்மா. சொன்னா கேசு ஐகோர்ட்டு போகும், அங்க கெடக்கும், அப்புறம் வேற கோர்ட்டு வரும், நீங்களும் நானும் கிழவியாயிருப்போம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, வராண்டாவில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, "தெனமும் இவர் முன்னாடிதான்மா நான் நிக்கணும். அதுமில்லாம நானும் ஜட்ஜ் பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் வெட்கம்கூட இருந்தது, பாவம். இதைக் கோபித்து என்ன ஆகப்போகிறது. இன்றைக்கு அரசுப் பக்கம் நிற்கிறவள் நாளைக்கு எந்தப் பக்கமோ, நாளன்றைக்கு அவளும் அந்த உயரத்தில். எல்லாரும் ஒரே பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்கள். வண்டி வருகிறது என்று தெரியாமல் ரோட்டில் இறங்குகிறவள்தான் சாகிறாள்.

எல்லாவற்றையும்விட ஒன்று இருந்தது, அதை வசந்தாமணி நினைக்காமல் இருக்கப் பார்த்தாள், அது நினைப்புக்கு வந்துகொண்டே இருந்தது. காலையில் வராண்டாவில் ஒரு தடித்த ஆள், முட்டிக்கு முட்டி உரச, காலை இழுத்து இழுத்து அந்தக் கடைசியில் எட்டிப் போனான். போனவன் யாரென்றே இவளுக்குத் தெரியவில்லை. பானு மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு, பார்த்தீங்களா, பேருக்குக்கூடத் தலை குனியல என்றபோதுதான் சின்ன முதலாளி என்று தெரிந்தது. தோள் ஏறி இறங்கவில்லை. பேண்ட்டைத் தூக்கவில்லை. நடையே இல்லை. இத்தனை வருசமும் சொத்தாக வைத்திருந்தது அந்த நடை ஒன்றுதான், அது அவனிடமே இல்லை. அப்படியென்றால் அன்றைக்குப் பார்த்தது? பார்த்தேனா? மசங்கல் நேரம், மசங்கல் கண்ணு, கத்தினேனா கத்தவில்லையா என்றே தெரியாத கிறுக்கி, நடையை மட்டும் சரியாகப் பார்த்தேனா? ஐயோ, பார்த்தேன், சாமி சத்தியமாகப் பார்த்தேன். வண்டி முன்னால் குனிந்தது, நிமிர்ந்தது, தூக்கினது, ரெண்டு எட்டு. பார்த்தேன். கிட்டுசாமி அவள் முழங்கையைத் தொட்டார். "பயப்படாத புள்ள. நீ பார்த்ததைத்தானே சொல்லப் போற, என்ன இருக்குது இதுல" என்றார். அவர் கண்ணோரம் பீளை கட்டியிருந்தது. இவ்வளவு கிட்டத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்து தொலைக்கிறது. முந்தானையால் துடைத்துவிட்டாள்.

உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். எல்லாரும் எழுந்தார்கள், அந்த எம்பி எம்பி வருகிற நடை வந்து நாற்காலியில் உட்கார்ந்தது, எல்லாரும் உட்கார்ந்தார்கள். டவாலி கேசு நம்பரைக் கூப்பிட்டான். சின்ன முதலாளியும் மாரப்பனும் போய்க் கைகட்டி நின்றார்கள். ஜட்ஜ் கட்டைப் புரட்டினார், காகிதம் திரும்புகிற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "இந்த வழக்குல ஆரம்பத்துல நான் அரசுத் தரப்புல ஆஜராகியிருக்கறதாப் பதிவுல இருக்கு. நான் விசாரிக்கறதுல எந்தத் தரப்புக்காவது ஆட்சேபனை இருக்கா?" என்று கேட்டார். வசந்தாமணிக்கு ஒரு நிமிசம் நெஞ்சு திறந்துகொண்டது. கேட்கிறாரே! மனுசன் கேட்கிறாரே! எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, ஆட்சேபனை இல்லை கனம் கோர்ட்டார் அவர்களே என்றார். பின்னே, அவருக்கு ஏன் இருக்கும். பானு மேடம் எழுந்தாள், மேசையைப் பார்த்துக்கொண்டே, அரசுத் தரப்பில் ஆட்சேபனை இல்லை என்றாள். வசந்தாமணி கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டாள். எனக்கு இருக்குதுங்க என்று சொல்வதற்குள் டவாலி விரலை உதட்டில் வைத்து, உட்காரும்மா, உன்னை யாரும் கேக்கல என்றான். அவன் கெட்டவனில்லை, உள்ளதைச் சொன்னான். செத்தது இவள் மகள், ஆனால் கேசு அரசாங்கத்தின் கேசு. ரெண்டு தரப்புக்கும் ஆட்சேபனை இல்லை, பதிவு செய்யப்பட்டது. இவள் எந்தத் தரப்பு? தூக்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் காதோர மயிரை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம்தான் இவள் பேரைக் கூப்பிட்டார்கள்.

கூண்டு ஜட்ஜுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஏறி நின்று சத்தியம் சொல்லிவிட்டுத் திரும்பினபோது பரஞ்சோதியின் முகம் முழுசாகத் தெரிந்தது, காது மடலில் மயிர் முளைத்திருந்ததுகூடத் தெரிந்தது. வசந்தாமணி அந்த முகத்தில் தேடினாள். பயம் இருக்கும் என்று தேடினாள், கள்ளம் இருக்கும் என்று தேடினாள், ஏதாவது இருக்கும், கண்ணைத் திருப்பிக்கொள்வார், இல்லை முறைப்பார், இல்லை கண்ணாலேயே கெஞ்சுவார். பரஞ்சோதி நிமிர்ந்து அவளைப் பார்த்தார், தினமும் வருகிற சாட்சிகளில் ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார், "நிக்க முடியலைன்னா உக்காந்துக்கங்கம்மா" என்று நல்லவிதமாகச் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். அவருக்கு ஞாபகம் இல்லை. நடிக்கவில்லை, நிசமாகவே ஞாபகம் இல்லை. கேசு அவர் பேரில் இருந்ததைக் காகிதம் சொல்லிற்று, இவளைச் சொல்லக் காகிதம் இல்லை. டீ இல்லை, அழுகை இல்லை, தாரணி என்ன படித்தாள் என்பது இல்லை. தெரிந்தே செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம், நீயும் உன் வம்சமும் என்று சாபம் கொடுத்துவிட்டு அந்தச் சாபத்தைப் பிடித்துக்கொண்டாவது மிச்ச காலத்தைத் தள்ளியிருக்கலாம். எங்கேயோ ஒரு மேசையில் பேச்சுவாக்கில், அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியாதுங்க என்று சொல்லியிருப்பார், சொன்னதையும் மறந்திருப்பார். இவள் வாழ்நாளெல்லாம் பொத்தி வைத்தது அவருக்கு வாயிலிருந்து விழுந்த ஒரு பருக்கை.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, ரொம்ப மரியாதையாக, "அம்மா, உங்களுக்குத் தூரத்துல இருக்கறது சரியாத் தெரியாது. அன்னைக்கு வண்டியில இருந்து இறங்கின ஆளோட முகத்தை நீங்க பார்க்கல. சரிதானுங்களே?" என்று கேட்டார். கிட்டுசாமி உட்கார்ந்திருந்த இடம் இங்கிருந்து வெறும் வெள்ளைச் சட்டை. வசந்தாமணி வக்கீலைப் பார்க்கவில்லை, ஜட்ஜைப் பார்த்தாள். கேட்டவரும் மறந்துவிட்டார், அன்றைக்கு அந்த நடையைக் கண்டதை அறிந்தவள் உலகத்தில் இனிமேல் தான் ஒருத்திதான், தானும் சொல்லாவிட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. "முகத்தைப் பார்க்கலீங்க" என்றாள். தன் குரல்தானா என்று இருந்தது. "தூரம் தெரியாதுங்க எனக்கு. ஆனா நடையைப் பார்த்தனுங்க. வண்டிக்கு முன்னால போயி, குனிஞ்சு பார்த்துட்டு, பேண்ட்டைத் தூக்கிட்டுப் போன நடை. தெனமும் பார்த்த நடைங்க, அது சின்ன முதலாளி நடைங்க, மாரப்பன் நடையில்லீங்க. முகம்னு சொல்லச் சொன்னது நீங்கதானுங்களே. நடைன்னு சொன்னா சிரிப்பாங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. உங்களுக்கு ஞாபகமில்லீங்களா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, வழி கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பானு மேடம் தலையைக் குனிந்துகொண்டாள். பரஞ்சோதி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நெற்றி சுருங்கிற்று, எங்கேயோ தேடுகிற மாதிரி. ஒரு கணம் வந்துவிடும் போல இருந்தது. அப்புறம் நெற்றி விரிந்துகொண்டது. "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. கேள்வி பார்வையைப் பத்தி, நடையைப் பத்தி இல்ல" என்றார். தட்டச்சு செய்கிறவர் பக்கம் திரும்பி, இவள் சொல்வதாக, இவளாகவே, மூக்கடைத்த குரலில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். "எனக்குத் தூரப்பார்வை கிடையாது. சம்பவத்தன்று காரிலிருந்து இறங்கிய நபரின் முகத்தை நான் பார்க்கவில்லை. முற்றும்."

பின் வரிசையில் அந்த வெள்ளைச் சட்டை எழுந்தது, நின்றது, கதவுப் பக்கம் போயிற்று. பானு மேடம் மறுபடி ஏதாவது கேட்கிறாளா என்று ஜட்ஜ் கேட்டார், இல்லை என்றாள். காகிதத்தை உருவி டவாலி கூண்டுக்குக் கொண்டுவந்தான். சாட்சி படித்துப் பார்த்து, சரியென்றால் கையெழுத்துப் போட வேண்டும், தப்பாக இருந்தால் இப்போதே சொல்ல வேண்டும், அதுதான் முறை. வசந்தாமணி படித்தாள். ஒரு வரியை இரண்டு தரம் படித்தாள். செக்கிங் மேசையில் துணியைப் பிடிக்கிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். "சரியா இருக்காம்மா? நீங்க சொன்னதுதானே?" என்று பரஞ்சோதி கேட்டார். அவள் கூண்டில் நின்று சொன்னவற்றில் அது ஒன்றுதான் காகிதத்தில் ஏறியிருந்தது, அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. "சரிங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.